கைகளால் கதைத்த மருமகள்மார்



புகுந்த வீட்டில் அடக்கமாக இருக்கும் மருமகளை எல்லோரும் மெச்சுவார்கள். "வாய் திறந்து ஒரு சொல் கதைக்கமாட்டாள், அவ்வளவு நல்ல பிள்ளை" என்று பெருமையோடு சொல்லும் மாமிமாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். வாய் திறவாமை நற்குணத்தின் அடையாளம் என்ற எண்ணம் உலகில் பல சமூகங்களில் வேரூன்றிய ஒன்றாகும். ஆனால் ஒரு சமூகம் அந்த எண்ணத்தை அதன் கடைசி எல்லை வரை கொண்டு சென்றது. மணமுடித்து வந்த பெண், கணவன் வீட்டாரின் முன்னால் ஆண்டுக்கணக்கில் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று அது விதித்தது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கைகளையே நாவாக்கிக் கொண்டார்கள். கையால் கதைக்கும் ஒரு மொழியை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள்.

ஆர்மீனியா நாட்டுக் கிராமத்துப் பெண்களின் அந்த மொழியைப் பற்றியும், அது நமக்குச் சொல்லும் பாடத்தைப் பற்றியும் இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

எழுத்தைப் போற்றிய மக்கள்

ஆர்மீனியா, கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடையில் உள்ள மலைநாடு. வடக்கே ஜோர்ஜியா, கிழக்கே அஸர்பைஜான், தெற்கே ஈரான், மேற்கே துருக்கி. நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட சிறிய நாடு அது. அங்குள்ள மக்கள் மிகப் பழங்காலத்திலேயே கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர்கள். 301ஆம் ஆண்டில் தங்கள் அரசன் அம்மதத்தை ஏற்றான் என்பது அவர்களுடைய மரபு. ஒஸ்மானியர், பாரசீகர், ரஷ்யர் எனப் பெரிய அரசுகள் பல அந்த மண்ணை மாறி மாறி ஆண்டன. ஆகவே துருக்கியர், குர்துகள், அஸர்பைஜானியர் ஆகிய முஸ்லிம் மக்களும் ஆர்மீனியர்களும் நூற்றாண்டுகளாக அக்கம் பக்கத்து ஊர்களில் வாழ்ந்து வந்தார்கள்.

ஆர்மீனியர்கள் தங்கள் மொழியை உயிரைப் போல் மதித்தவர்கள். 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரொப் மஷ்தொட்ஸ் என்ற துறவி 36 எழுத்துகளைக் கொண்ட நெடுங்கணக்கை அம்மொழிக்கு ஆக்கிக் கொடுத்தார். இன்றும் அவர்கள் அதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். தாய்மொழியை இவ்வளவு போற்றிய சமூகம், அந்த மொழியைப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்க்க வேண்டிய தாயின் வாயைக் கட்டி வைத்தது என்பதுதான் வியப்புக்குரிய செய்தி.

பெரிய வீடும் புதிய பெண்ணும்

அக்காலத்து ஆர்மீனியக் கிராமங்களில் தனிக் குடித்தனம் என்பது பெரும்பாலும் இல்லை. பாட்டன், பாட்டி, அவர்களின் ஆண் மக்கள், அம்மக்களின் மனைவியர், பேரப்பிள்ளைகள் என்று இருபது முப்பது பேர் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து உண்டு வாழ்ந்தார்கள். அந்தப் பெருங்குடும்பத்துக்கு மூத்த ஆண் தலைவர். அவருடைய சொல்லே வீட்டின் சட்டம். அவருடைய மனைவி, அதாவது மாமியார், பெண்கள் பகுதிக்குத் தலைவி. தானியக் கிடங்கும் சமையலும் மருமகள்மாரின் வேலைகளும் அவருடைய ஆணையின்கீழ் இருந்தன.

இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் வேறு ஊரிலிருந்து ஒரு பெண் மணமுடித்து வருகிறாள். பெரும்பாலும் அவள் பதின்ம வயதைத் தாண்டாத சிறுமி. அந்த வீட்டில் அவளுக்கு அறிமுகமான முகம் ஒன்றுகூட இராது. வீட்டின் அடுக்கில் எல்லோருக்கும் கீழே இருப்பவள் அவள்தான். எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்க வேண்டியவள். நிலத்தில் குழியாக அமைக்கப்பட்ட 'தொனிர்' என்ற களிமண் அடுப்பில் ரொட்டி சுடுவது, தண்ணீர் சுமப்பது, மாமனாரின் கால் கழுவ நீர் ஊற்றுவது எல்லாம் அவளுடைய கடமைகள்.

இவற்றோடு இன்னொரு கடமையும் சேர்ந்தது. அதுதான் மௌனம்.

படிப்படியாகத் திரும்பக் கிடைத்த குரல்

1843ஆம் ஆண்டில் ஹக்ஸ்தௌசன் என்ற ஜேர்மன் பிரபு ஒருவர் காக்கேசிய நாடுகளில் பயணம் செய்தார். ஆர்மீனிய எழுத்தாளர் கச்சதூர் அபொவியன் அப்போது அவருக்குத் துணையாக இருந்தார். தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை ஹக்ஸ்தௌசன் பின்னர் நூலாக வெளியிட்டார். ஆர்மீனிய மருமகளின் மௌனத்தைப் பற்றி அதில் அவர் தரும் விபரம் மனத்தைத் தொடுவதாகும்.

மணமான பெண் தன் கணவனோடு தனியே இருக்கும்போது மட்டும் பேசலாம். மற்ற எல்லோருடனும் சைகைதான். முதற் குழந்தை பிறந்த பிறகே அவளுடைய கட்டு சிறிது தளரும். முதலில் அவள் தன் குழந்தையோடு பேசலாம். சில காலம் சென்ற பின் மாமியாரோடு பேசலாம். அதற்கும் பிறகுதான் தன்னைப் பெற்ற தாயோடு பேசலாம். அதன் பின் கணவனின் சகோதரிகள், அதன் பின் தன் சொந்தச் சகோதரிகள், இறுதியில் வீட்டிலுள்ள இளம் பெண்கள். அதுவும் ஆண்களின் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில்தான். இவ்வளவும் முடிய ஆறு ஆண்டுகள் செல்லும் என்று அவர் எழுதுகிறார். அதற்குப் பிறகும் அந்நிய ஆண்களோடு அவள் பேச முடியாது.

சகோதரிகளே, இந்த வரிசையை மீண்டும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். மாமியாருக்குப் பின்னர்தான் பெற்ற தாய்! தாய் வீட்டார் பார்க்க வந்தாலும், "உம்மா, நான் நலமாக இருக்கிறேன்" என்றோ, "உம்மா, எனக்கு இங்கு கஷ்டம்" என்றோ ஒரு சொல் சொல்ல அந்தப் பிள்ளைக்கு உரிமை இல்லை. இந்த மௌனத்தில் ஆகக் கொடிய பகுதி எதுவென்று கேட்டால் இதையே நான் சொல்வேன். ஒரு பெண்ணின் துன்பம் வெளியே தெரிய வேண்டிய முதல் வாசல் தாய். அந்த வாசலே அங்கு அடைக்கப்பட்டிருந்தது.

எல்லா ஊர்களிலும் ஒரே கணக்கு இருந்ததென்று கொள்ளக்கூடாது. ஓரிடத்தில் சில மாதங்கள், ஓரிடத்தில் பல ஆண்டுகள் என வழமை வேறுபட்டது. சில குடும்பங்களில் மாமனார் ஒரு பரிசைக் கொடுத்து, "இனி நீ பேசலாம்" என்று அனுமதி வழங்குவார். அப்படி அனுமதி வழங்காத மாமனாரோடு அவர் மரணிக்கும் வரை பேசாதிருந்த மருமகள்மாரும் உண்டு.

இந்த மௌனத்துக்கு வெளி அடையாளமும் இருந்தது. மணமான பெண்கள் ஒரு துணியால் வாயை, சில இடங்களில் மூக்கையும் சேர்த்து, மறைத்துக் கட்டிக் கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்களில் இதைக் காணலாம். கண்ணும் நெற்றியும் திறந்திருக்கும். வாய் மட்டும் மூடியிருக்கும். அழகை மறைப்பதைவிடப் பேச்சை மறைப்பதே அத்துணியின் நோக்கமாக இருந்தது.

மணமகளின் மொழி

ஒரே வீட்டில் முப்பது பேரோடு வாழ்ந்து, விடிந்தது முதல் இருளும் வரை வேலை செய்யும் ஒருத்தி, எவரோடும் எதையும் தெரிவிக்காமல் எப்படிக் காலத்தைக் கழிக்க முடியும்? மாவு தீர்ந்துவிட்டது, மாடு கயிறறுத்துப் போய்விட்டது, குழந்தைக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் யாருக்காவது சொல்லத்தானே வேண்டும்? சிறு பிள்ளைகளின் காதில் கிசுகிசுத்து, அவர்களைக் கொண்டு பெரியவர்களுக்குச் சொல்வித்தல் ஒரு வழி. மற்றது கைமொழி.

இந்தக் கைமொழிக்கு ஆர்மீனியர்கள் இட்ட பெயர் 'ஹர்ஸ்னெரென்' என்பதாகும். 'ஹர்ஸ்' என்றால் மணமகள். மருமகள் என்றும் பொருள்படும். ஆர்மீனிய மொழியை அவர்கள் 'ஹயெரென்' என்பார்கள். அதே அச்சில் அமைந்த சொல்தான் 'ஹர்ஸ்னெரென்', அதாவது மணமகள் மொழி. மற்ற மொழிகளுக்கு இடுவது போலவே இதற்கும் பெயரிட்டிருக்கிறார்கள். இதையும் ஒரு மொழியாகவே அம்மக்கள் கருதினார்கள் என்பதற்கு இப்பெயரே சான்று.

இங்கு ஒரு விளக்கம் அவசியம். நாம் எல்லோரும் கதைக்கும்போது கையை அசைக்கிறோம். தூரத்தில் நிற்பவரை 'வா' என்று கையால் அழைக்கிறோம். இவை தனித்தனிச் சைகைகள், மொழி அல்ல. மொழி என்றால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருள் என்ற உடன்பாடு வேண்டும். அக்குறிகளைச் சேர்த்து, கண்முன் இல்லாத பொருளையும் நேற்று நடந்ததையும் நாளை நடக்க வேண்டியதையும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

செவிப்புலனற்றோர் பயன்படுத்தும் சைகை மொழிகள் இப்படிப்பட்ட முழுமையான மொழிகளாகும். அவற்றுக்குச் சொந்த இலக்கணம் உண்டு. அவற்றை 'ஊமைப் பாஷை' என்று இழிவாகச் சொல்வது அறியாமை. ஆனால் ஆர்மீனிய மருமகள்மாருக்குக் காது கேட்கும், நாவும் பேசும். பேச்சு தடுக்கப்பட்டதால் அதற்குப் பதிலாகக் கைமொழியை வைத்துக் கொண்டவர்கள் அவர்கள். இந்த வகையை ஆய்வாளர்கள் 'மாற்றுச் சைகை மொழி' என்று பிரித்துக் கூறுகின்றனர்.

இம்மொழிக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பாடநூல் இல்லை. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு, பார்த்துப் பழகிய பழக்கத்தால் அது சென்றது. பெண்களின் மொழி என்பதால் அறிஞர்கள் நெடுங்காலம் அதைக் கவனிக்கவும் இல்லை. 1935இல் கார்பெலஷ்விலி என்ற ஆய்வாளர் காக்கேசிய நாடுகளின் கைப்பேச்சைப் பற்றி ரஷ்ய மொழியில் ஒரு நூலைத் திப்லிஸி நகரில் வெளியிட்டார். ஆர்மீனியாவின் ஒரு பகுதியில் அவர் திரட்டிய செய்திகள் அதில் இடம்பெற்றன. அதற்குள் அவ்வழமை மறையத் தொடங்கிவிட்டது. எத்தனையோ தலைமுறைப் பெண்கள் கையால் கதைத்தவற்றுள் நம் கைக்கு எட்டியது மிகச் சிறிய பகுதியே.

முன்பு குறிப்பிட்ட கச்சதூர் அபொவியன், கிராமத்து மக்களின் பேச்சுமொழியிலேயே ஒரு நாவலை 1841இல் எழுதி முடித்தவர். 1848இல் அவர் காணாமற் போனார். பத்தாண்டுகளுக்குப் பின், 1858இல், அந்நாவல் அச்சேறியது. புதிய ஆர்மீனிய இலக்கியத்துக்கு அவரே தந்தை என்பர். கிராமத்தவரின் பேச்சு நூலில் ஏறிய அதே காலத்தில், அந்தக் கிராமங்களில் வாழ்ந்த மருமகள்மாரின் பேச்சு அடுப்படியில் கைகளோடு நின்றுவிட்டது. அதை எழுதி வைக்க எழுத்தும் இல்லை, ஆளும் இல்லை.

ஆர்மீனியாவில் மட்டுமா?

இச்செய்தியை வாசித்ததும், "இது அவர்களுடைய மதத்தின் விளைவு" என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணுவது நீதியாகாது. கிறிஸ்தவர்களான ஆர்மீனியரிடம் இருந்த இவ்வழமை, அவர்களுக்கு அருகில் வாழ்ந்த அனதோலியா முஸ்லிம்களிடமும் இருந்தது. துருக்கிக் கிராமங்களிலும் புதிய மருமகள் மாமனாரோடு பேசாதிருப்பது மரியாதையாகக் கருதப்பட்டது. மருமகளுக்குத் துருக்கி மொழியில் 'கெலின்' என்று பெயர். 'வந்தவள்' என்ற கருத்தைக் கொண்ட சொல் அது. வந்தவள் பேசாதிருப்பதையே அங்கு 'மருமகள்தனம்' என்றார்கள். அங்கும் மாமனார் பரிசு கொடுத்து வாய் திறக்கச் செய்வதுண்டு. 20ஆம் நூற்றாண்டிலும் இவ்வழமை பல ஊர்களில் நீடித்தது.

ஒஸ்மானிய சுல்தான்களின் அரண்மனையிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. சுல்தானின் முன்னிலையில் குரல் எழுப்புவது மரியாதைக் குறைவு எனக் கருதப்பட்டதால், 16ஆம் நூற்றாண்டில், சுல்தான் சுலைமானின் காலத்தில், பேச்சற்ற பணியாளர்களின் சைகை மொழி அரண்மனையில் முக்கிய இடம் பெற்றது. பேசக்கூடிய பணியாளர்களும் அதைக் கற்றுக் கொண்டார்கள்.

வெகு தொலைவில், மத்திய அவுஸ்திரேலியாவில், வார்ல்பிரி என்ற பழங்குடி மக்களிடையே இன்னொரு வகை உண்டு. கணவனை இழந்த பெண் துக்கத்தின் அடையாளமாக நீண்ட காலம், சில வேளை ஓராண்டுக்கும் மேலாக, பேசாதிருப்பாள். அக்காலம் முழுவதும் கைமொழியாலேயே அவள் எல்லாவற்றையும் தெரிவிப்பாள். அடம் கெண்டன் என்ற அறிஞர் இம்மொழிகளை ஆராய்ந்து 1988இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். அங்குள்ள மூதாட்டிகள் பலர் கைமொழியில் மிகத் தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

துக்கம் காக்கும் விதவையின் மௌனத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அவளுடைய துயருக்குச் சமூகம் காட்டும் மதிப்பும் அதில் உண்டு. ஆனால் அரண்மனையிலும் ஆர்மீனிய வீட்டிலும் இருந்த மௌனம் அப்படிப்பட்டதல்ல. அது கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் செலுத்திய திறை. அங்கே சுல்தான், இங்கே மாமனார். ஆர்மீனிய மருமகளின் மௌனத்துக்குக் காரணம் வேதமுமல்ல, இனமுமல்ல. வீட்டின் அதிகாரம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதே காரணம்.

இஸ்லாம் இதனை எப்படிப் பார்க்கிறது?

மௌனம், சைகை ஆகிய இரண்டும் நமக்கும் புதியவை அல்ல. அல்குர்ஆனின் 19ஆவது அத்தியாயமான ஸூரா மர்யமில் இரண்டு மௌனங்கள் இடம்பெறுகின்றன. ஸக்கரிய்யா (அலை) அவர்கள் மூன்று இரவுகள் மனிதர்களோடு பேசாதிருந்து, சைகையால் மக்களுக்குச் செய்தி சொன்னார்கள். மர்யம் (அலை) அவர்கள் மௌன நோன்பு நோற்று, குற்றம் சாட்டியவர்களுக்குப் பதிலாகத் தம் குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். ஆனால் இவ்விரண்டும் குறித்த ஒரு வேளைக்கு அல்லாஹ்வின் கட்டளையால் ஏற்பட்டவை. மனிதர் மனிதர்மீது சுமத்தியவை அல்ல.

மனிதர் தாமே ஏற்படுத்திக் கொள்ளும் மௌன விரதத்தை நம் மார்க்கம் ஏற்கவில்லை. ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு சம்பவம் இதனைத் தெளிவாக்கும். அபூபக்கர் (ரலி) அவர்கள் அஹ்மஸ் கோத்திரத்தைச் சேர்ந்த ஸைனப் என்ற பெண்ணிடம் சென்றார்கள். அவர் பேசாதிருப்பதைக் கண்டு காரணம் விசாரித்தார்கள். பேசாமலேயே ஹஜ் செய்வதாக அவர் உறுதி பூண்டிருக்கிறார் என்று சொல்லப்பட்டது. உடனே அபூபக்கர் (ரலி) அவர்கள் அவரைப் பேசும்படி கூறி, இது ஆகுமானதல்ல, ஜாஹிலிய்யாக் காலத்துச் செயல் என்று விளக்கினார்கள். அந்தப் பெண்மணி பேசினார். பேசியது மட்டுமல்ல, "நீங்கள் யார்?" என்று தொடங்கிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். முஸ்லிம்களின் தலைவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையோடு விடை சொன்னார்கள்.

தன் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடிய கவ்லா (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். அந்த வாதத்தின் பேரிலேயே அல்குர்ஆனின் 58ஆவது ஸூராவுக்கு 'அல் முஜாதலா' என்று பெயர் வந்தது. தம் விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தை நபி (ஸல்) அவர்கள் செல்லாததாக்கினார்கள். வாய் திறந்து முறையிட்டதனால்தான் இவர்களுக்கு நீதி கிடைத்தது.

"கன்னிப் பெண்ணின் மௌனமே அவளுடைய சம்மதம் என்று ஹதீஸில் வருகிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம். அது வெட்கத்தால் வாய் வராத பெண்ணுக்குக் காட்டப்பட்ட சலுகை. ஆனால் அவளிடம் கேட்க வேண்டும் என்ற கட்டளை அதற்கு முன்னால் நிற்கிறது. விருப்பமில்லாவிட்டால் அதனைச் சொல்லும் உரிமையும் அவளுக்கு இருக்கிறது. பேச முடிந்தவளின் மௌனத்துக்குத்தான் பொருள் உண்டு. பேச அனுமதிக்கப்படாதவளின் மௌனத்தைச் சம்மதம் என்று எப்படிக் கொள்ள முடியும்?

சைகையைப் பொறுத்தவரை நம் ஃபிக்ஹ் சட்டம் பரந்த நோக்குடையது. பேச இயலாதவரின் தெளிவான சைகை, கொடுக்கல் வாங்கலிலும் திருமணத்திலும் நாவால் சொன்ன சொல்லுக்கு நிகராகும். ஒஸ்மானியர் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'மஜல்லா' என்ற சட்டக்கோவையில் இது ஒரு பொதுவிதியாகவே இடம்பெற்றது. இயலாதவரின் கையைச் சட்டம் நாவாக ஏற்றது. ஆனால் அதே ஒஸ்மானிய மண்ணின் கிராமங்களில், நாவு இயன்ற பெண்ணுக்குக் கை மட்டும் விடப்பட்டது. சட்டம் ஒன்றாகவும் ஊர் வழமை வேறொன்றாகவும் இருந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மௌனம் கலைந்த விதம்

ஆர்மீனிய மருமகளின் கட்டு ஒரே நாளில் அவிழவில்லை. நகரங்களில் பள்ளிக்கூடங்கள் பெருகின. பெண்கள் எழுதத் தொடங்கினார்கள். இஸ்தான்பூலில் வாழ்ந்த ஸ்ர்புஹி துஸ்ஸாப் என்ற ஆர்மீனியப் பெண்மணி 1883இல் 'மய்தா' என்ற நாவலை வெளியிட்டு, பெண்களின் கல்வியையும் உரிமையையும் பற்றித் துணிந்து எழுதினார். ஆர்மீனிய மொழியின் முதல் பெண் நாவலாசிரியர் அவரே.

பின்னர் பெருந்துயரம் ஒன்று வந்தது. 1915இலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் ஒஸ்மானிய ஆட்சிப் பகுதிகளில் ஆர்மீனியர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பாலைவனங்களை நோக்கித் துரத்தப்பட்டார்கள். முப்பது பேர் கூடி வாழ்ந்த பெருவீடுகள் பல இருந்த இடம் தெரியாமற் போயின. தப்பியவர்கள் உலகெங்கும் சிதறினார்கள்.

1918இல் ஆர்மீனியா ஒரு சிறு குடியரசாகத் தலையெடுத்தது. 1919இல் நடந்த தேர்தலில் பெண்களும் வாக்களித்தார்கள். 80 பேர் கொண்ட அதன் பாராளுமன்றத்துக்கு மூன்று பெண்கள் தெரிவானார்கள். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், சட்டசபையில் பெண்ணின் குரல் ஒலித்தது; மலைக் கிராமத்தில் மருமகள் வாயைக் கட்டிக்கொண்டு கையால் கதைத்தாள். 1920இன் இறுதியில் சோவியத் ஆட்சி வந்தது. பெண்களுக்குப் பாடசாலையும் வெளி வேலையும் கிடைத்தன. வாய்த்துணியை அகற்றும்படி பிரசாரம் நடந்தது. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தன. மாமனாரின் அதிகாரம் தளர்ந்தபோது அதன் நிழலில் வளர்ந்த மௌனமும் தளர்ந்தது. மௌனம் போனதும் அதற்குத் துணையாக இருந்த கைமொழியும் மறைந்தது.

இதற்காக நாம் வருந்த வேண்டுமா, மகிழ வேண்டுமா? ஒரு மொழி மறைவது துக்கம்தான். அந்தப் பெண்களின் அறிவுக்கூர்மைக்கு அது சாட்சி. ஆனால் கட்டப்பட்ட வாய்க்குத் துணையாக வந்த மொழி, வாய் திறந்தபின் தேவையற்றுப் போவது மகிழ்ச்சிக்குரியதுதான். காயம் ஆறியபின் கட்டை யாரும் தேடுவதில்லை.

நாம் பெறும் பாடம்

சகோதரிகளே, இந்த வரலாற்றில் மூன்று செய்திகளை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, மனிதனுக்குப் பேச்சு என்பது பசியைப் போன்ற தேவை. ஒரு வழியை அடைத்தால் அது இன்னொரு வழியைத் தேடிக்கொள்ளும். 'பேசாத மருமகள்' என்று நாம் பாராட்டும் பெண் உண்மையில் பேசாமல் இருப்பதில்லை. அவளுடைய முகம் பேசும். அவள் பாத்திரம் வைக்கும் ஓசை பேசும். அதை வாசிக்கத் தெரியாதவர்கள்தான் அவளுக்குக் குறையே இல்லை என்று நினைத்துக் கொள்வார்கள்.

இரண்டாவது, வெட்கம் வேறு, வாய்ப்பூட்டு வேறு. வெட்கம் உள்ளிருந்து வருவது. அது ஈமானின் ஒரு பகுதி. வாய்ப்பூட்டு வெளியிலிருந்து போடப்படுவது. அது அநீதியின் ஒரு பகுதி. ஆர்மீனியப் பெருவீட்டுக்கு மருமகளின் கை தேவைப்பட்டது. அவளுடைய கருத்து தேவைப்படவில்லை. "தண்ணீர் கொண்டு வருகிறேன்" என்று சொல்லக் கைமொழி போதும். "எனக்கு முடியவில்லை", "இது எனக்கு நியாயமாகப் படவில்லை" என்று சொல்ல, எதிரே இருப்பவர் கேட்கச் சம்மதிக்க வேண்டும். கேட்கும் மனம் இல்லாத வீட்டில் கையால் சொன்னாலும் ஒன்றுதான், வாயால் சொன்னாலும் ஒன்றுதான்.

மூன்றாவதுதான் ஆக முக்கியமானது. இந்த வழமையைக் காத்தவர்களுள் பெண்களும் இருந்தார்கள். பதினைந்து வயதில் வாய் கட்டப்பட்ட சிறுமிதான் நாற்பது வயதில் மாமியாரானாள். தான் பட்ட துன்பத்தைத் தன் மருமகளுக்கு இல்லாமற் செய்ய அவளால் முடிந்திருக்கும். ஆனால், "நான் பட்டேன், அவளும் படட்டும்" என்று பலர் அதே துணியை அடுத்தவளின் வாயிலும் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அது தொடர்ந்தது.

இன்று மாமியாக இருப்போர், உங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் நாளைக்கு ஒரு தடவையாவது, "மகள், உங்களுக்கு என்ன வேண்டும்? மனத்தில் ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள். மருமகளாக இருப்போர், மரியாதை குறையாமல் உங்கள் தேவையை வாய் திறந்து சொல்லப் பழகுங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றோர், மணமுடித்துக் கொடுத்த மகள் தொலைபேசியில், "ஒன்றுமில்லை உம்மா" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். தாய் வாசல் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

ஆர்மீனிய மலைகளில் அந்தப் பெண்களின் கைகள் என்னென்ன சொல்லின என்பது பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. நம் வீட்டிலுள்ள பெண்ணின் வாய்ச்சொல்லாவது வீணாகாமல் நம் காதுகளில் விழட்டும். அதற்கு அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!